வரி உடைந்தால் யார் பொறுப்பு? முனைய அஞ்சலில் வரி மடிப்பும் மேற்கோளும்



சென்ற ஆண்டு உயர்நிலை மூன்று மாணவி ஒருவர் புதுக்கவிதை ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். பதினோரு வரி. எல்லாம் சின்னச் சின்ன வரிகள். நான் பதில் எழுதும்போது அந்தக் கவிதையை மேற்கோளாக வைத்து, கீழே என் கருத்தைச் சேர்த்து, இன்னொரு தமிழாசிரியருக்கும் நகல் அனுப்பினேன். மறுநாள் அவர் கேட்டார்: "கவிதைன்னு சொன்னீங்க, பார்த்தா பத்தி மாதிரி இருக்கே?" வரிப் பிரிப்புக்கு அவர் குறைவாக மதிப்பெண் போட்டிருந்தார். மாணவியிடம் சொன்னபோது முகம் வாடிப்போச்சு. "டீச்சர், நான் வரி வரியாத்தான் எழுதினேன்" என்றார்.

மூல அஞ்சலைத் திறந்து பார்த்தேன். பதினோரு வரியும் அப்படியே இருந்தன. அவற்றை ஒட்டி மூன்று வரியாக்கியது நான்தான். பதில் எழுதும்போது "கொஞ்சம் நேராக்கிடலாம்" என்று ஒரு கட்டளையைத் தட்டியிருக்கிறேன். மதிப்பெண்ணைத் திருத்தி, மாணவியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அதோடு விடாமல், ஏன் இப்படி ஆனது என்று உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே பகிர்கிறேன்.

நான் வீட்டில் பயன்படுத்துவது 'மட்' என்ற முனைய அஞ்சல் செயலி. 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் வெளியிட்டது, இலவசம், பழைய மடிக்கணினியிலும் வேகமாக ஓடும். தவணை முடிவில் நிறைய கட்டுரைகள் வந்து குவியும்போது சுட்டியைத் தொடாமலே படித்துப் பதில் போடலாம். நீங்கள் வேறு செயலி பயன்படுத்தினாலும் முதல் இரண்டு பகுதிகளையும் கடைசிப் பகுதியையும் படியுங்கள். அவை எல்லாருக்கும் பொருந்தும்.

இரண்டு வகை வரி முறிவு

மாணவர் தாளில் கட்டுரை எழுதுகிறார். ஓரம் வந்ததும் அடுத்த வரிக்குப் போகிறார். அது இடம் போதாமல் வந்த முறிவு. அதே மாணவர் கவிதை எழுதும்போது, இடம் இருந்தும் பாதியிலேயே வரியை முடிக்கிறார். அது அவர் வேண்டுமென்றே வைத்த முறிவு. குறள் வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர். அந்த முறிவை நகர்த்தினால் யாப்பே தெரியாமல் போகும்.

நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு புரிகிறது. கணினிக்குப் புரியாது. சாதாரண உரை அஞ்சலில் இரண்டுமே ஒரே 'புதுவரி'க் குறிதான். முதல் வகையை மென்முறிவு என்றும் இரண்டாம் வகையை வன்முறிவு என்றும் வைத்துக்கொள்வோம்.

அஞ்சலில் வரியை ஏன் முறிக்க வேண்டும்? பழைய பழக்கம். 1928இல் வந்த ஐபிஎம் துளை அட்டையில் 80 நிரல்கள். 1978இல் வந்த விடி-100 முனையத்திலும் வரிக்கு 80 எழுத்துகள். அஞ்சல் வடிவத்துக்கான ஆர்.எஃப்.சி. 5322 விதியும் இதை ஒட்டியே பேசுகிறது. ஒரு வரி 78 எழுத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது, 998ஐத் தாண்டவே கூடாது என்கிறது.

இந்த 998 தமிழுக்கு ரொம்பச் சின்ன எண். விதி எழுதப்பட்டது ஒரு பைட்டில் அடங்கும் ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'செய்துகொண்டிருக்கிறார்கள்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நமக்கு 13 எழுத்து, யூனிகோடில் 25 குறிகள், அஞ்சலில் 75 பைட். நடுவே எங்கும் முறிக்காமல் ஒரு பத்தியைத் தட்டினால், ஏறக்குறைய 330 குறிகளிலேயே எல்லை வந்துவிடும். அதற்குப் பிறகு செயலி அதை வேறு குறியீட்டுக்கு மாற்றி அனுப்பும். பெறுபவரின் செயலி மீண்டும் தமிழாக்கிக் காட்டும். அதில் தவறில்லை. ஆனால் நீளம், அகலம், எழுத்து எண்ணிக்கை மூன்றும் தமிழில் வேறுவேறு என்பதை மறக்கக் கூடாது.

வரிக் கடைசியில் ஓர் இடைவெளி

மென்முறிவையும் வன்முறிவையும் பிரித்துக் காட்ட 1999இல் ஒரு வழி வகுத்தார்கள். 2004இல் அதைத் திருத்தி ஆர்.எஃப்.சி. 3676 என்று வெளியிட்டார்கள். பெயர் 'ஃபார்மட் ஃப்ளோட்'. ஒழுகும் வடிவம் என்று சொல்லலாம்.

விதி மிக எளிது. வரியின் கடைசியில் ஓர் இடைவெளி இருந்தால் அது மென்முறிவு. அடுத்த வரியோடு சேர்த்துப் படிக்கலாம். இடைவெளி இல்லையென்றால் வன்முறிவு. அதைத் தொடக் கூடாது. அவ்வளவுதான். பெறுபவரின் செயலி இந்த விதியை அறிந்திருந்தால், திரை அகலமானாலும் குறுகினாலும் பத்தி அதற்கேற்ப விரியும், சுருங்கும். கவிதை அப்படியே நிற்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு கையொப்பக் கோடு. இரண்டு சிறுகோடும் ஓர் இடைவெளியும் கொண்ட வரி அது. கடைசியில் இடைவெளி இருந்தாலும் அடுத்த வரியோடு சேராது.

அமைப்புகளை எங்கே மாற்றுவது?

பலரும் குழம்புவது இங்கேதான். 'மட்' செயலிக்குச் சொந்தமாக எழுதுபலகை கிடையாது. படிக்கக் காட்டுவது 'மட்'. எழுத வைப்பது வேறொரு உரைதிருத்தி, எனக்கு 'விம்'. ஆகவே இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். அமைப்புகளின் பெயரைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன். கோப்பில் ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'மட்' அமைப்புகளில் இரு சொற்களாக வரும் பெயர்களுக்கு நடுவே அடிக்கோடு இடுங்கள்; விம் அமைப்புகளின் பெயரை இடைவெளியோ அடிக்கோடோ இல்லாமல் சேர்த்தே எழுதுங்கள்.

முதலில், படிப்பதற்கு. 'ஸ்மார்ட் ராப்' என்பது 'யெஸ்' ஆக இருக்கட்டும். அப்போதுதான் நீள வரி சொல்லுக்கு நடுவே வெட்டுப்படாமல் சொல் எல்லையில் மடங்கும். சொற்பிரிப்புப் பிழையைத் திருத்துகிற நமக்கு இது ரொம்ப முக்கியம். 'மார்க்கர்ஸ்' என்பதை 'நோ' ஆக்குங்கள். இல்லாவிட்டால் மடங்கிய வரியின் தொடக்கத்தில் ஒரு கூட்டல் குறி தோன்றும். மாணவர் போட்ட குறியோ என்று ஐயம் வரும். 'ராப்' என்பதற்கு 78 கொடுங்கள். அகலத் திரையில் வரி கண்ணுக்கு எட்டாத தூரம் ஓடாது. இவை மூன்றும் காட்சியை மட்டுமே மாற்றும், அஞ்சலைத் தொடாது.

அடுத்து, எழுதுவதற்கு. 'மட்' செயலியில் 'டெக்ஸ்ட் ஃப்ளோட்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். வழக்கமாக அது 'நோ' நிலையில் இருக்கும். இது அஞ்சலின் தலைப்பகுதியில் "இது ஒழுகும் வடிவம்" என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்க்கும். வரிக்கடைசி இடைவெளியைப் போட வேண்டியது உரைதிருத்தி. அதற்கு விம்மில் 'ஃபார்மட் ஆப்ஷன்ஸ்' என்பதோடு 'டபிள்யூ' என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். வரி அகலத்துக்கான 'டெக்ஸ்ட் விட்த்' அஞ்சல் கோப்புகளுக்கு ஏற்கெனவே 72 ஆக இருக்கும். அதை அப்படியே விடுங்கள்.

நான் தவறியது அந்த 'டபிள்யூ'வில்தான். அது இல்லாமல் 'ஜி', 'கியூ' என்று தட்டிப் பத்தியை நேராக்கினால், விம் எல்லா முறிவையும் மென்முறிவாக எடுத்துக்கொண்டு ஒட்டிவிடும். மேற்கோள் குறிகளைக்கூட அழகாகச் சரிசெய்து கொடுக்கும். அதனால்தான் பிழை என் கண்ணில் படவே இல்லை. 'டபிள்யூ' இருந்தால், இடைவெளியில்லாமல் முடியும் ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாக மதித்து விட்டுவிடும்.

இன்னொன்று. எல்லா முனையங்களும் தமிழை ஒழுங்காகக் காட்டுவதில்லை. கொம்பும் காலும் பிரிந்து நின்றால் முதலில் முனையத்தை மாற்றுங்கள். அதன்பிறகு அமைப்பைப் பார்க்கலாம்.

மேற்கோள்: யார் சொன்னது?

பதில் எழுதும்போது பழைய வரிகளின் முன்னால் '>' குறி வரும். இரண்டாம் முறை மேற்கோளானால் இரண்டு குறி, மூன்றாம் முறை மூன்று. எத்தனை குறி என்பதை வைத்தே யார் பேச்சு என்று அறிகிறோம்.

ஒவ்வொரு முறையும் குறியும் இடைவெளியுமாக 2 எழுத்து கூடுகிறது. 78இல் எழுதிய வரி மூன்று முறை மேற்கோளானால் 84. வழியில் ஒரு செயலி அதை 78இல் வெட்டினால், கடைசிச் சொல் குறியில்லாமல் தனி வரியாக விழும். பெற்றோருக்கு நகல் போகும் அஞ்சலில், மாணவர் எழுதிய சொல் ஆசிரியர் எழுதியதுபோல நின்றால் எப்படி இருக்கும்? 72இல் எழுதினால் மூன்று மேற்கோள் வரை 78க்குள் அடங்கும். 72 என்ற எண்ணின் பயன் இதுதான்.

'இன்டென்ட் ஸ்ட்ரிங்' என்ற அமைப்பால் '>' குறியை மாற்ற முடியும். மாற்றாதீர்கள். மற்ற செயலிகள் அந்தக் குறியை எண்ணித்தான் மேற்கோளை அடையாளம் காண்கின்றன. 'டெக்ஸ்ட் ஃப்ளோட்' இயங்கும்போது 'மட்' அந்த மாற்றத்தை ஏற்கவும் ஏற்காது. மாற்ற வேண்டியது 'அட்ரிபியூஷன்'. மேற்கோளுக்கு மேலே வரும் "இன்னார் எழுதியது" என்ற வரி அது. அதைத் தமிழிலேயே எழுதிவிடலாம்.

நீண்ட அஞ்சலைப் படிக்கும்போது பெரிய 'டி' எழுத்தைத் தட்டினால் மேற்கோள்கள் மறையும். மீண்டும் தட்டினால் வரும். பெரிய 'எஸ்' தட்டினால் மேற்கோளைத் தாண்டிப் போகலாம்.

அனுப்பும் முன் ஒரு நிமிடம்

மாணவர் கைபேசியில் எழுதியிருந்தால் கவனமாகப் பாருங்கள். கைபேசி பரிந்துரைக்கும் சொல்லைத் தொட்டால் அதன்பின் ஓர் இடைவெளியும் பல நேரம் சேர்ந்துகொள்ளும். மாணவர் அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போவார். அந்த வரியை ஒழுகும் வடிவத்தில் மேற்கோளாக அனுப்பினால், எல்லாம் சரியாக அமைத்திருந்தும் வரிகள் ஒட்டும்! விம்மில் 'செட் லிஸ்ட்' என்று கட்டளையிட்டால் ஒவ்வொரு வரி முடிவிலும் டாலர் குறி தெரியும். சொல்லுக்கும் டாலருக்கும் நடுவே இடம் இருந்தால் அழித்துவிடுங்கள். கையொப்பக் கோட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

பல இணைய அஞ்சல் செயலிகள் ஒழுகும் வடிவத்தைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே போட்டிக்கோ மதிப்பீட்டுக்கோ போகும் கவிதையை மேற்கோளாக அனுப்பாதீர்கள். மாணவர் தந்த கோப்பையே இணைப்பாக அனுப்புங்கள். வரிப் பிரிப்புக்கு மதிப்பெண் குறைக்கும் முன், மூல அஞ்சலை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இன்றே உங்கள் முகவரிக்கே ஒரு குறளை அனுப்பி, அதற்கு நீங்களே மூன்று முறை பதில் போட்டுப் பாருங்கள். நான்கு சீரும் மூன்று சீரும் அதனதன் அடியிலேயே நின்றால் உங்கள் அமைப்பு சரி. என் மாணவி இந்த ஆண்டு இன்னொரு கவிதை அனுப்பியிருக்கிறார். கடைசியில் ஒரு குறிப்பு: "டீச்சர், மொத்தம் ஒன்பது வரி. எண்ணிப் பார்த்துக்குங்க."

எண்ணிப் பார்த்தேன். ஒன்பதும் இருந்தன.