மின்னமைப்பு உருவகப்படுத்தலில் மின்னாக்கித் தரவு வடிகட்டல்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பெரிய மின்னமைப்பு மாதிரியிலிருந்து ஆய்வுக்கு வேண்டிய மின்னாக்கிகளை மட்டும் பிரித்தெடுக்கப் பைத்தான் நிரல்கள் பயன்படுகின்றன. நிரலை எழுதுவது எளிது. எந்த அடையாளத்தைக் கொண்டு பிரிப்பது என்பதே கடினம். இதனை விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்னாக்கி, வடிகட்டல், பைத்தான், பி.எஸ்.எஸ்.இ., பாண்டாபவர், காற்றாலை.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்தவை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். 1936இல் இராசபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட காலந்தொட்டு இப்பகுதி நூற்பாலைகளால் அறியப்படுவது. நூற்பாலை இரவும் பகலும் இயங்குவது. அதன் மின்சுமை எளிதில் தணிவதில்லை. இச்சுமைக்கு மின்னாற்றல் வரும் வழிகளோ பலதிறப்பட்டவை. தூத்துக்குடியில் தலா 210 மெகாவாட் திறனில் நிறுவப்பட்ட ஐந்து அனல் அலகுகள், கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுடைய இரு அணுமின் அலகுகள், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் காற்றாலைகள் ஆகியன அவற்றுள் சில. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இப்பகுதியின் மின்னழுத்தம் எவ்வாறு மாறுகிறது என ஆராய முற்படுபவர், முதலில் இவற்றுள் எவை தம் ஆய்வுக்கு உரியவை எனப் பிரித்தாக வேண்டும்.

உடைமையும் இருப்பிடமும்

தமிழகத்தின் நூற்பாலைகள் பல, சொந்தப் பயன்பாட்டிற்கெனக் காற்றாலைகளை நிறுவியுள்ளன. ஆலை ஓரிடத்திலும் காற்றாலை காற்று மிகுந்த வேறோர் இடத்திலும் இருக்கும். உற்பத்தியான மின்சாரம் மாநில மின்தொகுப்பின் வழியே ஆலையின் கணக்கில் சேரும். எனவே உடைமையாளர் பெயரைக் கொண்டு வடிகட்டினால், கணவாய் அருகே மின்தொகுப்பில் இணைந்த காற்றாலையும் இராசபாளையத்தின் மின்னாக்கியாக வந்து நிற்கும். கட்டணக் கணக்கிற்கு அது சரி. மின்னழுத்த ஆய்விற்கோ அது பிழை. கம்பியில் பாயும் மின்னோட்டம் உடைமைப் பத்திரத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே இவ்வகை ஆய்வுகளில் மின்முனை எண், மண்டலம் ஆகியவற்றைக் கொண்டே வடிகட்ட வேண்டும்.

பெயரின் சிக்கல்

ஊர்ப்பெயரைத் தேடுசொல்லாகக் கொள்வது இயல்பாகத் தோன்றும். ஆனால் பி.எஸ்.எஸ்.இ. மென்பொருளில் மின்முனைப் பெயருக்கு 12 எழுத்துகளே இடமுண்டு. ஆங்கில எழுத்தில் இராசபாளையம் வழக்கமான எழுத்துக்கூட்டலின்படி 11 எழுத்துகளில் அடங்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் 14 எழுத்துகள் கொண்டது. முழுப்பெயரைத் தேடும் நிரல், சுருக்கி எழுதப்பட்ட அப்பெயரை ஒருபோதும் காணாது. பிழைச்செய்தியும் தராது, வெற்றுப் பட்டியலையே தரும். ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் வழங்குவது இச்சிக்கலை மேலும் வளர்க்கும். தமிழிலேயே திருவில்லிபுத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என இரண்டு இருக்க, ஆங்கிலத்தில் கேட்க வேண்டியதில்லை. தேடுசொல்லைக் குறுக்குவதும் தீர்வாகாது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் இராசிபாளையம் என்ற 400 கிலோவோல்ட் துணைமின்நிலையம் உள்ளது. ‘பாளையம்’ என்று மட்டும் தேடும் நிரலுக்கு இரண்டும் ஒன்றே. மின்முனை எண்களைத் துணைமின்நிலையங்களோடு ஒருமுறை கையால் ஒப்பிட்டு, அப்பட்டியலைத் தனிக்கோப்பாக வைத்துக்கொள்வதே நம்பத்தக்க வழி.

நிலைக்குறிகள்

பி.எஸ்.எஸ்.இ.யின் பைத்தான் இடைமுகம் மின்னாக்கித் தரவை அட்டவணையாகத் தருவதில்லை. முழு எண், மெய்யெண், எழுத்து என வகைக்கு ஒரு செயற்கூறாக அழைக்க வேண்டும். ஒவ்வொன்றும் முதலில் பிழைக்குறியையும் அடுத்துப் பண்புவாரியான பட்டியல்களையும் தரும். வேறெதுவும் குறிப்பிடாவிடில் இயக்கத்திலுள்ள எந்திரங்கள் மட்டுமே கிடைக்கும்; அனைத்தையும் பெறக் குறியீட்டு மதிப்பு 4 எனத் தரவேண்டும். அவ்வாறு பெற்றபின் எந்திரத்தின் நிலையை மட்டும் பார்ப்பது போதாது. எந்திரம் இயக்கத்தில் எனக் குறிக்கப்பட்டிருந்தும் அதன் மின்முனை வகை 4, அதாவது துண்டிக்கப்பட்டது, என்றிருக்கலாம். இரண்டையும் சேர்த்தே நிபந்தனை அமைய வேண்டும்.

இதைத் தவறவிட்டால் நேரும் விளைவு சிறிதன்று. 210 மெகாவாட் அனல் அலகொன்றின் தோற்றத்திறன் ஏறத்தாழ 247 எம்.வி.ஏ. மந்தமாறிலியை 3 நொடி எனக் கொண்டால், அதன் சுழலும் நிறையில் தேங்கும் ஆற்றல் சுமார் 741 மெகாவாட்-நொடி. நின்றுபோன ஓர் அலகைக் கணக்கில் சேர்த்தால், இல்லாத இந்த ஆற்றலை நம்பி அதிர்வெண் வீழ்ச்சி மெதுவாக நிகழும் என்று முடிவு எழுதப்படும்.

திறந்தமூல நூலகமான பாண்டாபவரில் சிக்கல் வேறுவிதம். அதில் மின்னாக்கிகள் ஒரே அட்டவணையில் இல்லை. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துபவை ஒன்றிலும், நிலைத்த திறன் தருவனவாகக் கொள்ளப்படும் காற்றாலை, சூரிய மின்நிலையங்கள் பெரும்பாலும் மற்றொன்றிலும், வெளித்தொகுப்பு இணைப்பு மூன்றாவதிலும் அமையும். முதல் அட்டவணையை மட்டும் வடிகட்டுபவருக்குத் தென்தமிழகத்தில் காற்றாலைகளே இல்லையென்று தோன்றும். சில மாதிரிகளில் காற்றாலைகள் எதிர்மதிப்புடைய மின்சுமைகளாகவும் பதிவாகியிருக்கும். அவற்றைச் சுமை அட்டவணையில்தான் தேட வேண்டும்.

வடிகட்டும் வரிசை

ஓர் எடுத்துக்காட்டு: ஒரே மின்முனையில் தலா 250 கிலோவாட் திறனுடைய 40 காற்றாலைகள் தனித்தனிப் பதிவுகளாக உள்ளன எனக் கொள்வோம். ‘5 மெகாவாட்டிற்கு மேற்பட்டவை’ என்று முதலில் வடிகட்டினால் நாற்பதும் நீங்கிவிடும். மின்முனை வாரியாகத் தொகுத்துக் கூட்டியபின் வடிகட்டினால் 10 மெகாவாட் எஞ்சும். பாண்டாஸ் நூலகத்தில் இரண்டிற்கும் வேண்டிய கட்டளைகள் ஒன்றே. இடம் மட்டுமே மாறுகிறது.

சரிபார்ப்பு

தெரிந்தெடுத்த, நீக்கிய மின்னாக்கிகளின் கூட்டுத்தொகை மாதிரியின் மொத்த உற்பத்திக்குச் சமமாக வேண்டும். அம்மொத்தம் மின்சுமை, இழப்பு, நிகர ஏற்றுமதி ஆகியவற்றின் கூட்டுத்தொகையோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் ஏதோ ஓர் அட்டவணை விடுபட்டுள்ளது. நிரல், தெரிந்தெடுத்த பட்டியலோடு நீக்கிய பட்டியலையும் ஒவ்வொன்றின் காரணத்தோடு எழுதிவைப்பது நன்று. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முதற்பட்டியல் மட்டுமே இடம்பெறுவது வழக்கம். மதிப்பீட்டாளர் முதலில் கேட்டுப் பெறவேண்டியதோ இரண்டாவது பட்டியல்.