அணில் என்றொரு சிரிப்பிதழ்

பெல்ஜியம் நாட்டின் மார்சினெல் என்னும் ஊரில், 1938ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், சிறுவர்க்கான சித்திரக்கதை வார இதழொன்று பிறந்தது. அதன் பெயர் ‘ஸ்பிரூ’. அவ்வட்டார வலோன் மொழியில் அச்சொல் அணிலைக் குறிக்கும். துறுதுறுவெனத் திரியும் சிறுவனையும் அவ்வாறே அழைப்பர். குறும்புப் பிள்ளையை நாம் ‘சரியான வால்’ என்பதில்லையா? அதுபோலத்தான். விடுதியில் பயணிகளின் பெட்டி சுமக்கும், செந்நிறச் சீருடைச் சிறுவனே கதைத்தலைவன்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தைக் கைப்பற்றியது. அச்சிடத் தாள் அருகியது, பக்கங்கள் குறைந்தன. இதழாசிரியர் ழான் துவாசியோ ஆக்கிரமிப்பை எதிர்க்கும் தலைமறைவு இயக்கத்தில் பங்கேற்றிருந்தார். 1943இல் இதழுக்கே தடை விதிக்கப்பட்டது. பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் ஏட்டையும் விட்டுவைக்காத ஆட்சி அது! தாளில் இடமிழந்த ஸ்பிரூ பொம்மலாட்ட மேடைகளில் தோன்றிச் சிறுவர்களைச் சந்தித்தான்.

நாடு விடுதலையடைந்த 1944ஆம் ஆண்டிலேயே இதழ் மீண்டும் வெளிவந்தது. 1958இல் அறிமுகமான ஸ்மர்ஃப் என்னும் நீலக் குள்ளர்கள் இதன் பக்கங்களில் பிறந்தவர்களே. தன் நிழலைவிட விரைவாகச் சுடும் லக்கி லூக்கும் இங்கு வளர்ந்தவனே. சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் வழியாக அவன் இன்று தமிழும் பேசுகிறான்.