‘விடியட்டும், பார்க்கலாம்’ என்றால் மூளை தாங்காது

போன மாதம் ஒரு காலை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவரை அவருடைய மகன்கள் இருவரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கை, கால் அசையவில்லை. பேச்சு வரவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். தோள்வரை எண்ணெய்ப் பிசுக்கு. ஐந்து விரல் நுனிகளிலும் ஊசியால் குத்திய தடம். ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“எப்பயிருந்து இப்படி?”

“நேத்து ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பிடும்போதே வாய் கோணிக்கிச்சு டாக்டர். வாயுப் பிடிப்புன்னு நெனச்சு எண்ணெய் தேச்சு விட்டோம். விடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு…”

அது மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்கான நேரம் நள்ளிரவு தாண்டியதுமே முடிந்துவிட்டது. பாசத்துக்குக் குறைவில்லாத குடும்பம். இரவெல்லாம் கண்விழித்துத் தேய்த்திருக்கிறார்கள். அத்தனை நேரமும் உள்ளே மூளை செத்துக்கொண்டிருந்தது. இப்படி வருபவர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நிமிடத்துக்கு 19 லட்சம்

நம் உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால், உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். சேமித்து வைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006-ல் கணக்கிட்டார்கள். எண்ணெய் காய்ச்சித் தேய்க்க அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், 5 கோடியே 70 லட்சம் செல்கள் போயின.

ரத்தம் நின்றதும் செல்லுக்குச் சக்தி தீர்ந்துபோகிறது. உப்பை வெளியேற்றும் அதன் பம்புகள் நிற்கின்றன. நீர் புகுந்து செல் ஊதி வீங்குகிறது. அதிலிருந்து குளூட்டமேட் என்ற ரசாயனம் கொட்டுகிறது. அளவாக இருந்தால் அது செய்தி கொண்டுபோகும். அளவு மீறினால் பக்கத்துச் செல்களுக்கு விஷம். அவற்றுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து, உள்ளிருக்கும் நொதிகளைத் தூண்டிவிட, செல் தன்னைத்தானே அரித்துக்கொள்கிறது. ஒரு செல்லின் சாவு அடுத்த செல்லுக்கும் பரவுகிறது.

ரத்தம் கிடைக்காத இடத்தின் நடுப்பகுதி சில நிமிடங்களில் இறந்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதி உடனே சாவதில்லை. பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் கொஞ்ச ரத்தத்தில், வேலை செய்யாமல், ஆனால் உயிரோடு காத்திருக்கும். நாங்கள் காப்பாற்ற ஓடுவது அந்தப் பகுதியைத்தான். ஆளைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்வதும் அதற்காகத்தான்.

தயவுசெய்து இவற்றைச் செய்யாதீர்கள்

விரலில் குத்தி ரத்தம் எடுப்பது: அடைப்பு மூளையில் இருக்கிறது. விரல் நுனியில் நான்கு சொட்டு ரத்தம் வந்தால் அது எப்படி நகரும்? வாட்ஸ்அப்பில் வந்தது என்கிறார்கள். அதை அனுப்பியவர் உங்கள் அப்பாவின் கையை அசைத்துத் தர மாட்டார்.

புறா ரத்தம், சூடான எண்ணெய்: புறா ரத்தம் பூசிய கை கால்களை நான் கழுவிவிட்டுப் பரிசோதித்திருக்கிறேன். கோளாறு கையில் இல்லை. கையை இயக்கும் மூளையில்.

நாக்கடியில் பிரஷர் மாத்திரை: பக்கவாதம் வந்தவுடன் ரத்த அழுத்தம் ஏறுவது சகஜம். காத்திருக்கும் அந்தப் பகுதிக்குக் கொஞ்சமாவது ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருப்பது அந்த அழுத்தம்தான். அதைத் திடீரென்று இறக்கினால், உயிரோடு இருப்பதையும் நீங்களே பட்டினி போடுகிறீர்கள்.

ஆஸ்பிரின்: மாரடைப்புக்குக் கொடுப்பதுதானே என்று வீட்டிலேயே கொடுக்கிறார்கள். வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்று முகத்தைப் பார்த்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும்.

சோடா, காபி, சர்க்கரைத் தண்ணீர்: விழுங்கும் திறனே போயிருக்கலாம். ஊற்றியது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாக மாறலாம்.

“பத்து நிமிஷத்தில் தானா சரியாயிடுச்சு”: இது நல்ல செய்தி இல்லை, எச்சரிக்கை. பெரிய பக்கவாதம் அடுத்த ஓரிரு நாளிலேயே வரலாம். அன்றைக்கே வாருங்கள்.

“மூளைக்குப் பலம் தர ஊசி போடுங்க”: இறந்த நரம்பு செல்லை எழுப்பும் மருந்து உலகில் கிடையாது. மிச்சமிருக்கும் செல்கள் அந்த வேலையைப் பழகிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிசியோதெரபிதான் வழி.

செய்ய வேண்டியது

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கடைசியாக அவர் எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள்; சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். 

முதலில் ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை. அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி; பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியைக் குழாய் வழியாக எடுக்கலாம். அதை நம்பித் தாமதிக்காதீர்கள். முந்தி வருபவருக்கே அதிகம் மிஞ்சும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பிரஷர் நார்மலாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது நார்மலானதே மாத்திரையால்தான். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். பீடி, சிகரெட், புகையிலையை விடுங்கள். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று சொன்னால், அதற்கான மருந்தைத் தவறவிடாதீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கி அலமாரியில் வைக்காமல், தினமும் போடுங்கள்.

அந்தப் பெரியவர் உயிர் பிழைத்தார். வலது கை இன்னும் எழவில்லை. பேரனின் பெயரைச் சொல்ல வாயெடுக்கிறார், வரவில்லை. உங்கள் வீட்டில் ஒருவருக்கு வாய் கோணினால், எண்ணெய்ப் புட்டியைத் தேடாதீர்கள். நேரத்தைப் பாருங்கள். வண்டியைக் கூப்பிடுங்கள்.