ஆய்வக ஜன்னலடியில் ஓர் ஆறுமணிக் குருவி

அக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று. காலை வணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போனபோது, ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரு கைகளிலும் எதையோ பொத்திக்கொண்டு நின்றான். “டீச்சர், லேப் ஜன்னலுக்குக் கீழ கிடந்துச்சு.” மைனாவைவிடச் சிறிய பறவை. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், கண்ணை மூடினாற்போல் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டியிருந்தது.

பதற்றத்தில் பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து, அலகைத் திறந்து ஊற்றினேன். பிள்ளைகள் ஆளுக்கொரு முறை தடவிப் பார்த்தார்கள். முதல் பாடவேளை முடியும் முன் அது என் கையிலேயே இறந்துபோனது. பறவையின் மூச்சுக்குழல் நாக்கின் அடியிலேயே திறக்கிறது. ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருபது ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். கண்ணாடியில் மோதிய அடியிலேயே அது இறந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

அதன் பெயர் ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசிலடிப்பதுபோல் கூப்பிடுவதால் வந்த பெயர். எங்கள் கடலூர் மாவட்டத்தில் அது குளிர்கால விருந்தாளி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பி, தமிழ்நாடு, கேரளம், இலங்கை வரை வருகிறது.

ஏன் வருகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். குளிருக்குப் பயந்து என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம் வழக்கம். அதன் சாப்பாட்டைப் பார்த்தால் விடை இன்னும் தெளிவாகும். இது தரையில் நடந்து, உதிர்ந்த இலைகளைப் புரட்டி, புழுக்களையும் பூச்சிகளையும் தின்னும் பறவை. அங்கே மழை முடிந்து மண் இறுகத் தொடங்கும் காலத்தில், இங்கே வடகிழக்குப் பருவமழை மண்ணை நனைக்கிறது. இரண்டு பருவமழைகளையும் பாடப்புத்தகத்தில் தனித்தனியாக நடத்துகிறோம். இந்தக் குருவி இரண்டையும் சேர்த்து வாழ்கிறது.

டேராடூனிலிருந்து கடலூர் வரை அட்லஸில் நூல் வைத்து அளக்கச் சொன்னேன். சுமார் 2,000 கிலோமீட்டர் வந்தது. பறவையின் எடையோ ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடைதான். உடலில் சேர்த்த கொழுப்பே எரிபொருள். அது தீர்ந்தால் தசையும் கரையும். பயணம் பெரும்பாலும் இரவில். ஊர் விளக்குகளில் திசை தடுமாறி, களைத்து இறங்கும் பறவைக்கு விடிந்ததும் எதிரே தெரிவது நம் ஜன்னல். கண்ணாடியில் வானமும் வேப்பமரமும் தெரிகின்றன; அது மரத்தை நோக்கித்தான் பறக்கிறது.

மறு ஆண்டும் ஒன்று விழுந்தது, அதே ஜன்னலடியில். இந்த முறை காலணி அட்டைப்பெட்டியில் துளையிட்டு, பழைய துணி விரித்து, அதனுள் வைத்து மூடினோம். பெட்டி, ஆள் நடமாட்டமில்லாத பண்டக அறைக்குப் போனது. தண்ணீர் இல்லை, தீனி இல்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. இருட்டும் அமைதியும்தான் முதலுதவி. நாற்பது பிள்ளைகளை எட்டிப் பார்க்காமல் தடுப்பதுதான் இதில் கடினமான பகுதி! தொட்டவர்கள் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். இரண்டு மணி நேரத்தில் உள்ளே நகரும் சத்தம் கேட்டது. காகங்கள் அடங்கும் நேரம் பார்த்து, மாலையில் புதரோரம் பெட்டியைத் திறந்து வைத்தோம். குதித்து இறங்கி, இலைகளுக்குள் மறைந்துவிட்டது. இறக்கை தொங்கினாலோ, சில மணி நேரத்தில் தேறாவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறதென்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஜன்னலுக்கு என்ன செய்வது? ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டினால் போதும் என்று நினைத்தேன். பயனில்லை; பறவை அதைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கும். கண்ணாடியின் வெளிப்புறம் முழுவதும் நான்கு விரல் அகலத்துக்கும் குறைவான இடைவெளியில் நூல்களைத் தொங்கவிட்டோம். சுண்ணாம்பால் கோடு போட்டாலும் சரிதான், மழையில் கரைந்தால் மறுபடி போட வேண்டும்.

சருகு விஷயத்தில்தான் எனக்கும் சக ஆசிரியர்களுக்கும் வாக்குவாதம். தூய்மையான வளாகம் என்றால் ஓர் இலைகூடக் கிடக்கக் கூடாது என்று நினைத்துக் கூட்டிக் கொளுத்துகிறோம். அந்தக் குருவியின் சாப்பாட்டுத் தட்டு அதுதான். கடைசியில், பின்சுவரையொட்டிய புங்கமரத்தடியை மட்டும் மார்ச் வரை கூட்டாமல் விடுவது என்று முடிவானது. பாம்பு வரும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால் வகுப்பறைகளிலிருந்து தள்ளி இடம் தேர்ந்தெடுத்தோம், பிள்ளைகள் கயிற்றுக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும்.

இப்போது ஏழாம் வகுப்புச் சுவரில் ஒரு பழைய நாட்காட்டி தொங்குகிறது. முதல் குரல் கேட்ட நாள், கடைசியாகப் பார்த்த நாள் இரண்டையும் அதில் குறிக்கிறார்கள். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதே பிள்ளைகள்தான் வருகிறார்கள். சென்ற ஆண்டு முதல் குரலைக் கேட்டவர் நானோ மாணவர்களோ அல்ல, மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்ட வந்த காவலர் அண்ணன். அவர் பெயரையும் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.