அந்தப் பாட்டை முதலில் கேட்ட நாள்

1975 அக்டோபரில் லண்டன் கேபிடல் ரேடியோவின் அறிவிப்பாளர் கென்னி எவரெட், கடைக்கே வராத ஒரு பாட்டை ஒரே வார இறுதியில் 14 முறை ஒலிபரப்பினார். குயின் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' அது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வானொலியில் எடுபடாது என்று இசைத்தட்டு உலகம் நம்பிய காலம். இந்தப் பாட்டோ 5 நிமிடம் 55 விநாடி. அன்று பதின்வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஆனாலும் எந்த அறையில் கேட்டோம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை நேற்று நடந்ததுபோலச் சொல்லும் ரசிகர்கள் பலர். எத்தனையோ பாட்டுகள் காதில் விழுந்து மறைய, ஒன்று மட்டும் இப்படித் தங்குவது எப்படி?

எதிர்பாராத திருப்பங்கள்

பாட்டின் அமைப்பிலேயே பாதி விடை இருக்கிறது. வாத்தியமே இல்லாத கூட்டுக்குரலில் தொடங்கி, பியானோவோடு சோகமாக நகர்ந்து, கிட்டாருக்குத் தாவி, திடீரென்று ஓபராவாக மாறி, அங்கிருந்து முழு வேக ராக் இசையில் வெடித்து, கடைசியில் அடங்குகிறது. திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. ஓபரா பகுதியில் ஒரு பெருங்கூட்டமே பாடுவதுபோலக் கேட்கும். பாடியவர்கள் ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகிய மூவர்தான். குரல்மேல் குரலாக அடுக்கி அடுக்கிப் பதிந்ததில், ஒலிநாடா தேய்ந்து அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது என்று மே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பாட்டு கேட்கும்போது மூளை அடுத்து வரப்போவதை ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகர ஆய்வாளர்கள் 1958 முதல் 1991 வரையிலான 745 அமெரிக்கப் பாட்டுகளின் ஸ்வரக்கூட்டுகளை எடுத்து இதைச் சோதித்தார்கள். அடுத்தது இதுதான் என்று உறுதியாக நினைக்கும்போது வேறொன்று வந்தால் இன்பம் கூடுகிறது. என்ன வரும் என்றே தெரியாதபோது பழகிய ஒன்று வந்தாலும் கூடுகிறது. 2019இல் வெளியான இந்த ஆய்வில், இன்பத்தோடு தொடர்பு காட்டிய மூளைப் பகுதிகளில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. புதிய நினைவுகள் உருவாவதற்கு இன்றியமையாத பகுதி அதுதான்.

வயதும் வீடும்

மீதி விடை கேட்பவரின் வயதில் இருக்கிறது. பதின்வயதிலும் இருபதுகளிலும் நடந்தவைதான் பிற்காலத்தில் மிகுதியாக நினைவில் எழுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஜனாட்டா, மாணவர்களின் 8 முதல் 18 வயது வரையிலான காலத்தில் பிரபலமாக இருந்த பாட்டுகளை அவர்களுக்கே போட்டுக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார். சொந்த வாழ்க்கை நினைவைக் கிளறிய பாட்டுகளுக்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் நடுப்பகுதி கூடுதலாக இயங்கியது. 'நான்' என்ற உணர்வோடு நெருங்கிய தொடர்புள்ள பகுதி அது.

கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இன்னொரு வியப்பைத் தந்தது. இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்குத் தம் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளோடும் நெருக்கமான நினைவுகள் இருந்தன. வீட்டில் ஒலித்த இசை பிள்ளைகளுக்கும் சொந்தமாகிவிடுகிறது. மெர்க்குரி 1991 நவம்பரில் இறந்த பிறகு மறுவெளியீடான 'பொஹீமியன் ராப்சடி' மீண்டும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1992இல் 'வெய்ன்ஸ் வேர்ல்ட்' திரைப்படத்தில் காருக்குள் நண்பர்கள் தலையாட்டி ரசித்த காட்சி புதிய தலைமுறையை அந்தப் பாட்டுக்குள் இழுத்தது.

நினைவு பொய்க்குமா?

பொய்க்கும். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த செய்தியை எப்படி அறிந்தோம் என்று மறுநாளே எழுதிக்கொடுத்த மாணவர்கள், சுமார் இரண்டரை ஆண்டுக்குப் பின் பல விவரங்களை மாற்றிச் சொன்னார்கள். அதுவும் முழு நம்பிக்கையோடு. முதன்முதலில் பாட்டுக் கேட்ட நினைவிலும் பிந்தைய நாட்களின் விவரங்கள் கலந்திருக்கலாம். வானொலியில் கேட்டதும் தொலைக்காட்சியில் பார்த்ததும் ஒன்றாகிவிடலாம்.

அதனால் அந்த நினைவின் மதிப்பு குறைந்துவிடாது. தேதி தவறலாம், ஆனால் உடன் இருந்த அண்ணனையும் தோழியையும் மூளை அந்தப் பாட்டோடு சேர்த்து வைத்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் இளமையை அறிய விரும்பினால், கேள்வியில் தொடங்க வேண்டாம். அவர்களுக்குப் பிடித்த பாட்டை முதலில் போடுங்கள், முழுவதும் ஓடட்டும், பிறகு பேசச் சொல்லுங்கள்.