போயா தினத்தில் பூட்டும் மதுக்கடையும் முஸ்லிம் நாடுகளின் மதுச் சட்டங்களும்

போயாவுக்கு முதல் நாள் மாலை கண்டி நகரில் மதுபானக் கடைகளுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மறுநாள் கடை பூட்டு. எசல பெரஹரா காலத்திலும் நகரில் இதே நிலைதான். அலுவலகங்களில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போது சிங்கள நண்பர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "நாங்கள் ஒரு நாள்தான் பூட்டுகிறோம். உங்கள் நாடுகளில் கிறிஸ்தவனையும் இந்துவையும் கூட குடிக்க விடுவதில்லையே, அது நியாயமா?"

"உங்கள் நாடுகள்" என்ற சொல்லில் உள்ள தவறு ஒருபுறம் இருக்கட்டும். நம் நாடு இலங்கைதான். ஆனால் கேள்வி நேர்மையானது. கோபப்படாமல் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மது ஹராம் என்பது முஸ்லிமுக்கு. சூரா அல்மாஇதாவின் 90ஆம் வசனம் ஈமான் கொண்டவர்களையே விளிக்கிறது. இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வாழும் முஸ்லிமல்லாதோர் விடயத்தில் இமாம்கள் தனியாகவே பேசியிருக்கிறார்கள். ஹனபி மத்ஹபில், ஒரு கிறிஸ்தவருக்குச் சொந்தமான மதுவை ஒரு முஸ்லிம் அழித்துவிட்டால் அதன் பெறுமதியை நட்டஈடாகக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை அது பெறுமதியுள்ள சொத்து. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் மதுவுக்குப் பெறுமதி கிடையாது, எனவே நட்டஈடும் கிடையாது. ஆனால் அவர் அதைப் பகிரங்கமாகக் குடிக்காமலும் விற்காமலும் இருக்கும் வரை அதைக் கொட்டிவிடக் கூடாது. பறித்தெடுத்த பொருள் அப்படியே இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். நமது மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவியின் மின்ஹாஜிலேயே இது இருக்கிறது.

ஆக, அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து போத்தலை உடைக்கும் உரிமையை பிக்ஹு யாருக்கும் கொடுக்கவில்லை. இன்றைய அரசாங்கங்கள் நடந்துகொள்ளும் விதம் வேறு கதை.

பாகிஸ்தானை எடுத்துக்கொள்வோம். 1977இல் பூட்டோவின் அரசு முஸ்லிம்களுக்கு மதுவைத் தடை செய்தது. 1979இல் ஸியாஉல் ஹக் ஹத் சட்டத்தைக் கொண்டுவந்தார். முஸ்லிமல்லாதோருக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. 1860இல் பிரித்தானியர் காலத்தில் தொடங்கிய மரீ மதுபான ஆலை இன்றும் இயங்குகிறது. அதன் உரிமையாளர்கள் பார்ஸிக் குடும்பத்தினர். காகிதத்தில் பார்த்தால் சிறுபான்மைக்கு நீதி செய்யப்பட்டிருக்கிறது.

ஆனால் ரமேஷ் குமார் வன்க்வானி என்ற இந்து பாராளுமன்ற உறுப்பினர் 2018இல் என்ன கேட்டார் தெரியுமா? மதுவை எல்லோருக்கும் தடை செய்யுங்கள் என்று சட்டமூலம் கொண்டுவர முயன்றார். எங்கள் மதமும் மதுவை ஏற்கவில்லை, எங்கள் பெயரில் அனுமதிப்பத்திரம் கொடுத்து மற்றவர்கள் குடிக்கிறார்கள், கெட்ட பெயர் மட்டும் எங்களுக்கு என்பது அவரது வாதம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள சபை அதை நிராகரித்தது! சிறுபான்மைக்குச் சலுகை என்ற போர்வைக்குள் யாருடைய தாகம் தணிந்தது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஈராக்கில் நிலைமை நேர் எதிர். அங்கே மதுக்கடைகளைப் பெரும்பாலும் கிறிஸ்தவர்களும் யஸீதிகளுமே நடத்தி வந்தார்கள். 2016 ஒக்டோபரில் பாராளுமன்றம் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை அனைத்தையும் தடை செய்தது. சட்டம் 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. யாருக்கும் விதிவிலக்கு இல்லை. கிறிஸ்தவ உறுப்பினர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டது குடிக்கும் உரிமையை மட்டுமல்ல, பிழைப்பையும்தான். மேலே சொன்ன இரு மத்ஹபுகளின் நிலைப்பாட்டோடும் இந்தச் சட்டத்தைப் பொருத்துவது கடினம்.

சூடானில் 1983இல் ஜனாதிபதி நுமைரி மதுப் போத்தல்களை நைல் நதியில் கொட்டினார். உலகமே படம் பிடித்தது. அதன் பிறகான ஆண்டுகளில் சிறைக்குப் போனவர்கள் யார்? தெற்கிலிருந்து யுத்தத்தால் இடம்பெயர்ந்து, கார்த்தூமின் சேரிகளில் உள்ளூர் மது காய்ச்சிப் பிள்ளைகளை வளர்த்த ஏழைப் பெண்கள். ஒம்துர்மான் பெண்கள் சிறை அவர்களால் நிரம்பியது. முஸ்லிமல்லாதோர் தனிப்பட்ட முறையில் அருந்துவதற்கு 2020 ஜூலையில்தான் அனுமதி வந்தது. ஈரானில் ஆர்மீனியர், யூதர், ஸொராஸ்திரியர் ஆகியோர் தமக்குள் வைத்துக்கொள்ளலாம். மலேசியாவில் ஷரீஆ நீதிமன்றம் முஸ்லிமை மட்டுமே விசாரிக்கும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். இலங்கையின் மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912இல் வந்தது. வெள்ளைக்காரனுக்கு அது வருமானம். அதை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில் அநகாரிக தர்மபாலவும் சேனாநாயக்க சகோதரர்களும் முன்னின்றார்கள். மதுவை அந்நியனின் தீமையாகப் பார்த்த அந்த எழுச்சியில் முஸ்லிம் வியாபாரியும் அந்நியனாகவே பார்க்கப்பட்டான். 1915 மே இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் எரிந்தவை நம் கடைகள். மதுவைப் பொறுத்தவரை நாம் அந்த இயக்கத்தோடு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் என்பதுதான் இதில் உள்ள வேதனை.

போயா தினத்து மதுத் தடை மதம் பார்ப்பதில்லை. கத்தோலிக்கருக்கும் தோட்டத்து இந்துவுக்கும் அதே பூட்டு. நமக்கு அதில் நட்டம் எதுவும் இல்லை, மகிழ்ச்சிதான். வெசாக் காலத்தில் இறைச்சிக் கடையும் சேர்த்துப் பூட்டப்படும்போதுதான், பெரும்பான்மையின் புனித நாள் சிறுபான்மையின் அடுப்புக்குள் வருவது என்றால் என்ன என்று நமக்கு உறைக்கிறது. அக்குறணையிலோ மடவளையிலோ இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு பக்தாத் கிறிஸ்தவரின் நிலையை விளக்கத் தேவையில்லை. அவர் விற்பது ஹலால், இவர் விற்றது ஹராம் என்று நாம் சொல்வோம், அது நம் நம்பிக்கை. ஆனால் பூட்டுப் போடுகிறவன் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் ஒரு சிங்களச் சகோதரர் தாக்கப்பட்டார், பின்னர் உயிரிழந்தார். தாக்கிய முஸ்லிம் இளைஞர்கள் மதுபோதையில் இருந்ததாகவே அன்றைய செய்திகள் கூறின. மார்ச் 5ஆம் திகதி திகன எரிந்தது, மறுநாள் அவசரகாலச் சட்டம் வந்தது. அந்த வன்முறைக்கு இது ஒருபோதும் நியாயமாகாது, அதைத் திட்டமிட்டு நடத்தியவர்கள் வேறு. என்றாலும் நம் பிள்ளைகள் குடிப்பதில்லை என்று ஜும்ஆ மேடையில் இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நாட்டுச் சட்டம் அவர்களைத் தடுக்காது, தடுக்க வேண்டும் என்று கேட்கவும் நமக்கு வழியில்லை. அது பெற்றோரும் மஹல்லாவும் செய்ய வேண்டிய வேலை.

சட்டத்தின் வழியில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. பாடசாலைக்கும் வணக்கத்தலத்துக்கும் அருகில் மதுக்கடைக்கு அனுமதி கொடுப்பதை நம் நாட்டின் மதுவரி விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அந்த விதி விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் பொதுவானது. ஊரில் புதிதாக ஒரு கடை வருகிறது என்றால் பள்ளி நிர்வாகம் மட்டும் தனியாகக் கடிதம் எழுதி பிரதேச செயலகத்தில் கொடுப்பதை விட, விகாரையின் ஹாமதுருவிடமும் கோவில் பரிபாலன சபையிடமும் போய் அதே கடிதத்தில் அவர்களின் கையொப்பத்தையும் வாங்குங்கள்.