தறிச் சத்தத்திலும் தூங்கும் குழந்தை



சேவூரில் தறிச் சத்தத்திலேயே தொட்டிலில் குழந்தை அசையாமல் தூங்கும். "பழகிப்போச்சு, சமர்த்துப் பிள்ளை" என்பார்கள் பாட்டிமார். பெரும்பாலும் அது பழக்கம்தான். ஆனால் சில குழந்தைகளுக்குச் சத்தமே கேட்காமல் இருக்கலாம். வெளியே காது லட்சணமாக இருக்கும், கோளாறு உள்ளே.

உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. பட்டாணி அளவுதான். அதற்குள் சுமார் 15 ஆயிரம் மயிர்ச் செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் படிக்கட்டு போல நுண்ணிய மயிர்கள் நிற்கின்றன. குட்டை மயிரின் நுனியை அடுத்த நெட்டை மயிரோடு ஓர் இழை கட்டியிருக்கிறது. காடெரின் 23, புரோட்டோகாடெரின் 15 என்ற இரு புரதங்கள் சேர்ந்த இழை அது. சத்தம் வந்தால் மயிர்கள் சாயும், இழை விறைக்கும், அதன் அடியில் டி.எம்.சி.1 என்ற புரதத்தாலான வாசல் திறக்கும். மூளைக்குச் செய்தி போகும். உங்கள் ஜக்கார்டு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இழுத்தால் பாவு இழை எழும். கயிறு அறுந்தால் பூ விழாது.

"புரதம்னா முட்டை, பருப்பு கொடுத்தா சரியாயிடுமா?" ஆகாது. சாப்பாட்டில் வருவது வெறும் நூல். எந்தப் பூ என்று சொல்வது அட்டை. உடம்பில் அந்த அட்டைதான் ஜீன். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்தப் புரதங்களில் பெரும்பாலும் ஓர் அட்டை பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். இரண்டுமே பழுதானால் காது கேட்காது. அதனால்தான், நன்றாகக் காது கேட்கிற தாய் தகப்பனுக்கும் இப்படிக் குழந்தை பிறக்கிறது. இருவரிடமும் ஒரே ஜீனில் ஒரு பழுது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 பங்கு வாய்ப்பு.

மாமன் மகளையோ அக்காள் மகளையோ கட்டினால், முன்னோர் ஒருவரின் பழுதான அட்டை இரு பக்கமாகவும் வந்து சேரலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் உறவில் மணந்தவர்கள். டி.எம்.சி.1 பழுது இருக்கும் இடம் 1995-ல் தெரிய வந்ததே, உறவில் மணந்த இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்துதான். ஜீன் 2002-ல் பிடிபட்டது. உறவில் கட்டியவர்கள் பலருக்கும் நல்ல பிள்ளைகள்தான் பிறக்கின்றன, பயப்படாதீர்கள். ஆனால் கிரகணத்தில் வெளியே போனாள் என்று மருமகளைத் திட்டாதீர்கள். இந்தக் குறையில் ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள்.

கைதட்டிப் பார்ப்பது போதாது. நிழலைப் பார்த்தும் குழந்தை திரும்பும். மருத்துவமனைச் சோதனையே வேறு. மயிர்ச் செல்களில் வெளி வரிசையில் இருப்பவை, பிரஸ்டின் என்ற புரதத்தால் சத்தத்துக்கேற்ப நீண்டு சுருங்கும். அப்போது காது மெல்லிய எதிரொலி தரும். தூங்கும் குழந்தையின் காதில் சின்ன அடைப்பான் வைத்து அதைக் கேட்கிறார்கள். வலி கிடையாது. எதிரொலி வராவிட்டால் உடனே கலங்க வேண்டாம். காதில் நீர் இருந்தாலும் அப்படி ஆகும். மறுபடி பார்ப்பார்கள், தேவைப்பட்டால் 'பெரா' சோதனையும் செய்வார்கள்.

1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை. செத்த மயிர்ச் செல் மறுபடி முளைக்காது. பேச்சு கற்கும் காலமும் காத்திராது. காது மெஷின் போதாதவர்களுக்கு, மயிர்ச் செல்லைத் தாண்டி நரம்பையே தூண்டும் காக்ளியர் கருவி உண்டு. சிறு குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும்.

கிராம சுகாதார செவிலியர் வரும்போது, உறவில் கட்டியதையும், வீட்டில் பிறவியிலேயே காது கேளாதவர் யாரும் இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.